செபிக்கத் தடுமாறிய செப ஆசிரியை

செபிக்க அமர்ந்தவுடன் நம்மில் பலருக்கு மனம் அலைபாயத் தொடங்கிவிடுகிறது. வீட்டுக் கவலை, பிள்ளைகளின் படிப்பு, அடைக்க வேண்டிய கடன் என ஒவ்வொன்றாக முன்னே வந்து நிற்கின்றன. நமக்குச் செபமே வராது என்று நாம் முடிவுகட்டி விடுகிறோம். திருச்சபை செபத்தின் ஆசிரியையாகப் போற்றும் அவிலா நகர் புனித தெரேசாவும் இதே துன்பத்தைப் பல ஆண்டுகள் அனுபவித்தவர் என்பது நமக்குப் பெரும் ஆறுதல்.

இவர் 1515ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் ஸ்பெயின் நாட்டில் பிறந்தார். 20 வயதில் அவிலாவிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். விரைவிலேயே கடும் நோய் தாக்கியது. 1539இல் நான்கு நாட்கள் நினைவிழந்து கிடந்தார். இறந்துவிட்டார் என எண்ணி, மடத்தில் கல்லறைக் குழியும் தோண்டி வைத்தார்கள். பிழைத்தெழுந்தாலும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நடக்க இயலாதவராக இருந்தார். தாம் குணமடைந்தது புனித சூசையப்பரின் பரிந்துரையால் என்று உறுதியாக நம்பினார்.

உடல் தேறியது, ஆனால் செபம் எளிதாகவில்லை. கற்பனை செய்து தியானிக்க அவருக்கு வரவில்லை. ஏறத்தாழ 18 ஆண்டுகள், நற்கருணை வாங்கிய நேரம் தவிர, கையில் நூல் இல்லாமல் செபிக்கத் துணியவில்லை. செப நேரம் எப்போது முடியும் என்று காத்திருந்த நாட்களும் உண்டு. தகுதியற்ற தமக்கு எதற்குத் தனிச்செபம் என்று எண்ணி, ஓராண்டுக்கும் மேலாக அதை விட்டேவிட்டார். தாழ்ச்சி போலத் தோன்றிய இந்த எண்ணமே தமக்கு நேர்ந்த மிகப்பெரிய சோதனை என்று பின்னாளில் உணர்ந்தார். குருவானவர் ஒருவரின் அறிவுரையால் மீண்டும் செபிக்கத் தொடங்கினார்; அதன்பின் விடவே இல்லை.

1554இல், காயப்பட்ட இயேசுவின் சுரூபம் ஒன்றைக் கண்டு மனமுருகி, அதன் முன் விழுந்து அழுதார். அன்றுமுதல் தம்மைவிட ஆண்டவரையே அதிகம் நம்பினார்.

இந்த அனுபவத்திலிருந்து அவர் கற்றுத்தந்த வழி மிக எளியது. செபம் என்பது நம்மை அன்பு செய்பவர் என்று நாம் அறிந்த ஒருவரோடு தனிமையில் நட்புறவாடுவது. அதற்கு நிறைய சிந்திக்கத் தேவையில்லை. அவரை நோக்கினாலே போதும். துயரத்தில் இருந்தால் கெத்சமனித் தோட்டத்தில் தனித்திருக்கும் இயேசுவைப் பார்க்கலாம். மகிழ்ச்சியில் இருந்தால் உயிர்த்த இயேசுவைப் பார்க்கலாம். தெரேசா துறவியாகும் முன்பே, பெரும்பாலான இரவுகளில் உறங்கப்போகும்போது தோட்டத்தில் செபித்த இயேசுவைச் சற்றுநேரம் நினைத்துக்கொள்வாராம்.

1562இல் தாம் நிறுவிய புனித சூசையப்பர் மடத்துச் சகோதரிகளுக்காக அவர் ஒரு நூல் எழுதினார். அதில், வாய்ச்செபம் மட்டுமே சொல்லத் தெரிந்த ஒருவரைக் குறிப்பிடுகிறார். தியானிக்க வரவில்லையே என்று அவர் வருந்தி வந்தாராம். விசாரித்தபோது, கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லிக்கொண்டே அவர் ஆழ்ந்த இறை ஒன்றிப்பில் திளைப்பதை தெரேசா கண்டுகொண்டார். யாரோடு பேசுகிறோம் என்ற உணர்வோடு சொல்லப்படும் எந்தச் செபமும் வீணல்ல.

1582 அக்டோபர் 4ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். 1970இல் திருத்தந்தை 6ஆம் பவுல் அவரை மறைவல்லுநராக அறிவித்தார். இச்சிறப்பைப் பெற்ற முதல் பெண் இவரே.

எனவே மனம் சிதறுவதைக் கண்டு நாம் சோர்ந்துபோக வேண்டாம். நாள்தோறும் சிறிது நேரத்தை ஆண்டவருக்கென ஒதுக்குவோம். நற்செய்தியில் ஒரு பகுதியை மெதுவாக வாசிப்போம். மனம் ஓடினால் அமைதியாகத் திருப்பிக் கொண்டுவருவோம். செபம் வறண்டிருந்தாலும் அந்த நேரத்தைக் கைவிடாதிருப்போம். காத்திருப்பவர் நம் நண்பராம் இயேசு அல்லவா!