தம்மையே வினவியவர்

ரஷ்ய எழுத்துலகில் 1877ஆம் ஆண்டளவில் லியோ டால்ஸ்டாய்க்கு இணையாகச் சொல்லத்தக்கவர் மிகச் சிலரே. ‘போரும் அமைதியும்’ 1869இல் முழுமை பெற்றிருந்தது. ‘அன்னா கரீனினா’ அப்போதுதான் நிறைவடைந்திருந்தது. பிறப்பால் அவர் பிரபு. மாஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள யாஸ்னயா பொல்யானா பண்ணைக்கு உரியவர். சமாரா மாநிலத்தில் பரந்த புல்வெளிகளும் குதிரைகளும் அவருக்கு இருந்தன. உடல்நலத்துக்கும் மக்கட்செல்வத்துக்கும் குறைவில்லை. ஐம்பதை நெருங்கிய அம்மனிதர், அந்நாள்களில்தான் துப்பாக்கியுடன் தனியே வேட்டைக்குச் செல்வதை நிறுத்தினார். தம் கையாலேயே தம் உயிருக்குத் தீங்கு நேருமோ என அவர் அஞ்சினார்.

அவ்வச்சம் முன்பே ஒருமுறை தலைகாட்டியிருந்தது. 1869 செப்டம்பரில், பென்சா மாநிலத்தில் விலைக்கு வந்த நிலமொன்றைக் காணச் சென்றவர், வழியில் அர்சமாஸ் என்னும் ஊரில் இரவு தங்கினார். நள்ளிரவில் காரணமே இல்லாமல் ஒரு திகில் அவரைப் பற்றியது. இறப்பு உறுதியாயிருக்க இந்த நிலம் எதற்கு என்ற எண்ணம் உறங்கவிடவில்லை. பகல் வந்ததும் திகில் விலகிற்று, வினா விலகவில்லை.

தம்மைத் தாமே ஆள வேண்டும் என்ற வேட்கை அவருக்குப் புதிதன்று. 1828இல் பிறந்து, இரண்டு வயது நிரம்புமுன் தாயையும் ஒன்பதாம் வயதளவில் தந்தையையும் இழந்தவர் அவர். கசான் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்ட 1847ஆம் ஆண்டிலேயே நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். எப்போது எழுவது, என்ன கற்பது, எதைத் தவிர்ப்பது என விதிகள் வகுத்தார். அவற்றை மீறியதையும் அதே ஏட்டில் பதிந்தார். மீறல்களே மிகுதி. சூதாட்டத்தில் பெரும்பொருள் இழந்தார். தாம் பிறந்த மாளிகையே விலைபோய்ப் பெயர்த்தெடுக்கப்படும் நிலை வந்தது. 1862இல் சோபியாவை மணக்குமுன் அந்நாட்குறிப்புகளை அவரிடம் படிக்கக் கொடுத்தார். மறைப்பின்றி இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது ஆறாத காயமாயிற்று. உண்மை சொல்பவரைவிட அதைக் கேட்பவரே சில வேளைகளில் பெருஞ்சுமையைத் தாங்க நேர்கிறது.

ஐம்பதையொட்டிய ஆண்டுகளில் அந்தப் பழைய வினா முழு வலிமையுடன் திரும்பியது. நிலம் இன்னும் பெருகினால் பிறகு என்ன? உலகின் தலைசிறந்த எழுத்தாளர் என்று பெயரெடுத்தால் பிறகு என்ன? விடை தேடி அறிவியல் நூல்களைப் புரட்டினார். தத்துவ நூல்களில் மூழ்கினார். அவை வினாவை இன்னும் கூர்மையாக்கின. தம்மைப் போன்ற கற்றவர்களும் செல்வர்களும் விடையின்றித் தவிக்க, வயலில் உழைத்து, வறுமையையும் நோயையும் தாங்கி, அமைதியாக இறக்கும் உழவர்களை அவர் கூர்ந்து நோக்கலானார். அவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று தமக்குத் தெரியவில்லை என ஒப்புக்கொண்டார்.

அவ்வொப்புதலை அவர் நூலாக்கினார். 1879 முதல் எழுதிய அந்நூலின் பெயர் ‘ஒப்புதல் வாக்குமூலம்’. போரில் உயிர்களைக் கொன்றது, சூதாடியது, உழவரின் உழைப்பில் வாழ்ந்தது, செருக்காலும் பொருளாசையாலும் எழுதத் தொடங்கியது என எதையும் அவர் மறைக்கவில்லை. ரஷ்யத் தணிக்கை 1882இல் அந்நூலைத் தடுத்தது. 1884இல் ஜெனீவாவில் அச்சேறியது. நாடே தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஒருவர், தம் வாழ்வு பொருளற்றுப்போயிற்று என அறிவிப்பது எளிய செயலன்று. அடுத்த பெரும் நாவலை எதிர்பார்த்த நண்பர்கள் வருந்தினர். எழுத்தாளர் துர்கேனிவ் தம் மரணப்படுக்கையிலிருந்து, இலக்கியத்துக்குத் திரும்புமாறு மடல் எழுதினார்.

1882 சனவரியில் மாஸ்கோவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாமாக முன்வந்து சேர்ந்தார். மிக வறியோர் வாழ்ந்த பகுதியைக் கேட்டுப் பெற்றார். செல்வரிடம் பொருள் திரட்டி ஏழைகளுக்கு வழங்குவது அவர் திட்டம். திரண்டதோ சிறு தொகை. அதையும் யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் திகைத்தார். பிறர் உழைப்பின்மேல் அமர்ந்துகொண்டே அவர்களுக்கு உதவ முயல்வதன் முரண் அப்போது அவருக்கு விளங்கிற்று. உழுதார், செருப்புத் தைக்கக் கற்றார், வேட்டை, புலால், புகை, மது ஆகியவற்றைக் கைவிட்டார்.

வீட்டில் அமைதி இல்லை. பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்றவர் சோபியா. ‘போரும் அமைதியும்’ நாவலைக் கையால் மீண்டும் மீண்டும் படியெடுத்தவர். கணவரின் துறவு குடும்பத்தின் உணவையும் கல்வியையும் பாதிக்கும் என அவர் கருதியதில் நியாயம் உண்டு. 1881க்குப் பின் எழுதியவற்றின் பதிப்புரிமையை டால்ஸ்டாய் 1891இல் துறந்தார். முந்தைய நூல்களின் வருவாய் மனைவியிடமே இருந்தது. எளிமையைப் போதித்துக்கொண்டே மாளிகையில் வாழ்வதாகப் பலர் ஏளனம் செய்தனர். அவ்வேளனத்தை அவர் மறுக்கவில்லை. நாட்குறிப்பில் தம்மைத் தாமே இன்னும் கடுமையாகக் கடிந்துகொண்டார்.

அவ்வாண்டே கடும் பஞ்சம் வந்தது. செல்வர் தரும் நன்கொடை வறுமையைத் தீர்க்காது என்று வாதிட்டவர், பட்டினியை நேரில் கண்டதும் வாதத்தை ஒதுக்கிவைத்தார். ரியாசான் மாநிலத்தில் பெகிசெவ்கா என்னும் சிற்றூரில் மகள்களுடன் தங்கி, உணவுக்கூடங்களைத் திறந்தார். சோபியா நாளிதழ் வழியே நிதி வேண்ட, பொருள் குவிந்தது. அடுத்த ஆண்டுக்குள் உணவுக்கூடங்கள் இருநூறைக் கடந்தன; ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் உண்டனர். முரண்பட்ட கணவனும் மனைவியும் ஒருவர் பணியை மற்றவர் நிறைவு செய்த அரிய காலம் அது.

அவர் குரல் தொலைவிலும் கேட்டது. 1908இல் இந்திய விடுதலை குறித்து அவர் எழுதிய நீண்ட மடலில் திருக்குறளையும் எடுத்தாண்டார். அதைக் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் அச்சிட்டார். 1910இல் தாம் அமைத்த பண்ணைக்கு டால்ஸ்டாயின் பெயரையே சூட்டினார்.

அதே ஆண்டு அக்டோபர் இறுதியில், ரஷ்யப் பழைய நாட்காட்டிப்படி 28ஆம் நாள் விடியுமுன், எண்பத்திரண்டு வயதான டால்ஸ்டாய் மருத்துவர் ஒருவருடன் வீட்டை விட்டு வெளியேறினார். வழியில் நுரையீரல் அழற்சி கண்டு, அஸ்தாபோவோ தொடர்வண்டி நிலைய அதிகாரியின் இல்லத்தில் பத்தாம் நாள் காலமானார். அங்கு விரைந்து வந்த சோபியாவை, கணவர் நினைவிழக்கும்வரை உள்ளே விடவில்லை.

சிறு வயதில் அவருடைய அண்ணன் நிகோலாய் ஒரு கதை சொல்லியிருந்தார். மாந்தர் அனைவரும் இன்புற்று வாழும் வழி ஒரு பச்சைக் குச்சியில் எழுதப்பட்டு, யாஸ்னயா பொல்யானாக் காட்டில் புதைக்கப்பட்டிருக்கிறது என்பது அக்கதை. அந்த இடத்திலேயே தம்மை அடக்கம் செய்யுமாறு டால்ஸ்டாய் கேட்டிருந்தார். மரங்களுக்கிடையே புல் மூடிய அம்மண்மேட்டில் சிலுவையும் இல்லை, பெயரும் இல்லை.