சிறைக்குள்ளிருந்து ஒரு மனு: ஏ.கே. கோபாலன்

இந்தியன் காபி ஹவுஸில் விசிறித் தலைப்பாகை கட்டிய சர்வர் கொண்டுவந்து வைக்கும் காபியை நம்மில் பலர் குடித்திருப்போம். காபி போர்டு தன் கடைகளை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, அந்தத் தொழிலாளர்களையே கூட்டுறவுச் சங்கம் அமைக்க வைத்து, 1957 முதல் கடைகளை நடத்த வைத்தவர் ஏ.கே. கோபாலன். மலையாளிகளுக்கு அவர் ஏ.கே.ஜி. சட்டம் படித்தவர்களுக்கோ அவர் ஒரு வழக்கின் பெயர். எனக்கு அந்த வழக்கைப் பற்றித்தான் சொல்ல ஆசை. இன்ஜினியருக்கு எதற்குய்யா சட்டம் என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு வகையில் இன்ஸ்பெக்‌ஷன் சமாசாரம்தான்.

1904-ல் கண்ணூர் பக்கம் பிறந்தவர். முதலில் பள்ளிக்கூட வாத்தியார். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்தில் ஜெயிலுக்குப் போனார். எல்லா ஜாதியாருக்கும் குருவாயூர் கோயிலைத் திறக்கச் சொல்லி 1931-ல் நடந்த சத்தியாக்கிரகத்தில் தொண்டர்படைத் தலைவர் அவர்தான். 1936-ல் மலபாரிலிருந்து சென்னைக்குப் பட்டினி ஊர்வலம் நடத்தி வந்தார். பிறகு கம்யூனிஸ்ட் ஆனார். 1941-ல் கைதாகி, வேலூர் சிறையிலிருந்து தப்பி, யுத்தம் முடியும்வரை கையில் சிக்கவே இல்லை.

யுத்தம் முடிந்ததும் பிடித்துவிட்டார்கள். 1947 ஆகஸ்ட் 14 இரவு, நாடே விழித்திருந்து கொண்டாடியபோது, அவர் கண்ணூர் சிறையில் தனிக்கொட்டடியில் இருந்தார். அக்டோபரில் விட்டார்கள், டிசம்பரில் மறுபடி உள்ளே. சாதாரணச் சட்டப்படி போட்ட தண்டனைகள் ரத்தாகிவிட்டன. ஆனாலும் ஆளை வெளியே விடவில்லை.

1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் வந்தது. சரியாக ஒரு மாதத்தில் தடுப்புக் காவல் சட்டமும் வந்தது. மார்ச் 1-ம் தேதி, ஏற்கெனவே உள்ளே இருந்த மனுஷருக்குப் புதுச் சட்டப்படி ஒரு புது உத்தரவு கொடுத்தார்கள். அவர் நேராக சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு போட்டார்.

அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். விசாரணை கிடையாது, அதிகாரிக்குத் திருப்தி என்றால் போதும். சில வகையினரை ஆலோசனைக் குழுவுக்குக்கூட அனுப்பாமல் மூன்று மாதத்துக்கு மேலும் வைத்திருக்கலாம். அதைவிட விசேஷம் 14-வது பிரிவு. எதற்காகப் பிடித்தோம் என்று கைதியிடம் சொன்ன காரணத்தைக் கோர்ட்டில்கூட வெளியிடக் கூடாது! வெல்டிங் போட்டவரே இன்ஸ்பெக்‌ஷன் சர்டிபிகேட்டிலும் கையெழுத்துப் போட்டு, ஃபைலையும் பூட்டிவைத்த மாதிரி.

அவருக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். சட்டமன்றம் எதை எழுதிவைத்தாலும் அது முறையான நடைமுறை ஆகிவிடாது, பாதிக்கப்பட்டவன் சொல்வதைக் கேட்பது போன்ற இயற்கை நீதி அதில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1950 மே 19-ல் ஆறு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். 14-வது பிரிவு செல்லாது என்பதில் ஆறு பேரும் ஒரே கட்சி. மற்றபடி சட்டம் செல்லும் என்றார்கள் நாலு பேர். நம்ம ஊர் பதஞ்சலி சாஸ்திரியும் அந்த நாலு பேரில் ஒருவர். ஃபசல் அலியும் மகாஜனும் மட்டும் மாறுபட்டார்கள். கோபாலன் தோற்றார். பெரிய நீதிபதிகள்தான், இருந்தாலும் எனக்கு அந்த மெஜாரிட்டி தீர்ப்பு இன்றைக்கும் ஒப்பவில்லை. நடைமுறை என்று ஒன்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள், அது நியாயமானதா என்று பார்க்கவில்லை.

1951-ல் வெளியே வந்தவர் 1952 தேர்தலில் ஜெயித்து லோக்சபாவுக்குப் போனார். தொடர்ந்து ஐந்து தடவை எம்.பி. எமர்ஜென்சி ரத்தான மறுநாள், 1977 மார்ச் 22-ல் காலமானார்.

தோற்ற கேஸ் அதற்குப் பிறகுதான் ஜெயித்தது. 1978 ஜனவரி 25-ல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை என்றால் அது நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. கேஸ் என்னவோ பாஸ்போர்ட் பற்றியது. ஆனால் அதன் பலன் முதலில் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று ஜெயில். திகார் சிறையில் மரண தண்டனைக் கைதி சுனில் பத்ராவைத் தனிக்கொட்டடியில் போட்டிருந்தார்கள். சார்லஸ் சோப்ராஜுக்குக் காலில் இரும்பு விலங்கு. அதே வருஷம் ஆகஸ்ட் 30-ல், இதெல்லாம் சிறை அதிகாரி தன் இஷ்டத்துக்குச் செய்கிற காரியமல்ல என்று தீர்ப்பு வந்தது. இந்த இரண்டு பெஞ்சுகளிலும் இருந்த முர்தசா ஃபசல் அலி யார் தெரியுமா? 1950-ல் மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய ஃபசல் அலியின் மகன்!

இரண்டிலும் இருந்த இன்னொருவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். தலச்சேரி வக்கீலாக இருந்தவர், 1948-ல் தானே ஒரு மாதம் ஜெயிலில் இருந்தவர். சக கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி பத்ரா அனுப்பிய ஒரு கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது கோர்ட். 1979 டிசம்பர் 20-ல் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்புப்படி, ஒரு கைதியைத் தண்டனையாகத் தனிக்கொட்டடியில் போடவோ, தூரத்து ஜெயிலுக்கு மாற்றவோ, சலுகைகளைப் பிடுங்கவோ வேண்டுமென்றால் செஷன்ஸ் நீதிபதி அதைப் பரிசீலிக்க வேண்டும். அவசரமாகச் செய்துவிட்டால், இரண்டே நாளில் அவருக்குத் தகவல் போயாக வேண்டும்.