மாருதி எஞ்சினில் பந்தயக் கார் செய்த கரிவரதன்

சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிக் கட்டடங்களில் வளரும் எங்கள் பிள்ளைகளில் கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் சிலராவது எப்போதும் இருப்பார்கள். பழைய ஹொண்டா சிவிக் ஒன்றை வாங்கி, புகைக்குழாயை மாற்றி, இரவில் ஷேர்போர்ண் வீதியால் உறுமிக்கொண்டு போவார்கள். அவர்களுக்குத் தேவையான சாமான்கள் எல்லாம் பெட்டியில் அடைபட்டுக் கட்டடத்தின் வாசலுக்கே வந்துவிடுகின்றன. எஞ்சினைத் திறந்து வைக்கத்தான் இடமில்லை. நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் பொனற்றைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்ய யார் விடப்போகிறார்கள்?

இதற்கு நேர்மாறான ஓர் ஊரும் காலமும் இருந்தன. இடமும் ஆட்களும் கடைசல் பட்டறைகளும் தாராளமாக இருந்தன. வேகத்துக்கென்று செய்த சாமான் ஒன்றுகூடக் கடையில் கிடைக்காது. அந்த ஊர் கோயம்புத்தூர். அங்கிருந்து வந்தவர் எஸ். கரிவரதன். பந்தய உலகத்துக்கு அவர் வெறும் கரி. இங்கே பெயரைக் கேட்பவர்கள் அடுப்புக்கரியை நினைப்பதுண்டு. கரி என்றால் யானை. முதலையிடம் அகப்பட்ட யானைக்கு அருள்செய்த பெருமாளின் பெயர்தான் கரிவரதன்.

1954ஆம் ஆண்டு பிறந்தவர். 1910இல் தொடங்கப்பட்ட லட்சுமி மில்ஸ் நூற்பாலையின் குடும்பத்துப் பிள்ளை. ஆகவே இது ஏழ்மையிலிருந்து எழுந்த கதை அல்ல. அப்படிச் சொல்லி வாசகரை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. காசு இருந்தது. ஆனால் அன்றைய இந்தியாவில் காசு இருந்தாலும் வாங்க முடியாதவை பல இருந்தன. பந்தய எஞ்சின் சாமான் அவற்றுள் ஒன்று.

கோயம்புத்தூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஞ்சாலைகள் வந்தன, அவற்றைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் வந்தன, பட்டறைகளுக்கு வார்ப்படம் செய்துகொடுக்க வார்ப்பாலைகள் வந்தன. மில் இயந்திரத்தைப் பழுதுபார்த்த கை, கிணற்றுக்குப் பம்பு செய்தது, பிறகு மோட்டார் செய்தது. ஜி.டி. நாயுடு ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றித் திரும்பப் பூட்டித் தொழிலைக் கற்ற கதை எங்களில் பலருக்குத் தெரியும். அவர் 1974இல் மறைந்தபோது கரிவரதனுக்கு ஏறத்தாழ இருபது வயது. நூற்பாலையின் கதிர்கள் நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுழல்பவை. மயிரிழை கோணினாலும் அதிரும், நூல் அறும். அந்த அதிர்வை அடக்கப் பழகிய ஊரில் பந்தய எஞ்சினைப் பற்றிப் பேசினால் விளங்கிக்கொள்ள ஆளிருந்தது.

பந்தயம் நடந்த இடமோ வெகுதூரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டிச் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை அது. ஆங்கில டி எழுத்துப்போலக் கிடக்கும். 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கார்கள் வரும். விஜய் மல்லையா போன்றோர் வெளிநாட்டு ஃபார்முலா கார்களைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். மற்றவர்களுக்கு உள்ளூர்க் கார்கள்தான் கதி. அவையும் மூன்றே வகை: அம்பாசடர், ஃபியற், ஸ்ராண்டர்ட் ஹெரால்ட். மூன்றுமே ஐம்பதுகளின் ஐரோப்பிய வடிவங்கள். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின் வேறொன்றுமல்ல, யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நாம் பார்த்த ஒஸ்ரின் ஏ55 கேம்பிறிட்ஜுக்குள் கிடந்த அதே குடும்பத்து எஞ்சின்தான்.

இந்த எஞ்சின்களை வேகமாக்க வேண்டும். வெளிநாட்டில் என்றால் கடைக்குப் போய் வேறு காம் ஷாஃப்ற், வேறு பிஸ்டன், இரட்டைக் காபரேற்றர் என்று வாங்கிப் பூட்டுவார்கள். இந்தியாவில் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும், அதற்கு மேல் வரி. ஆகவே இருக்கிற சாமானையே மாற்றினார்கள். சிலிண்டர் ஹெட்டின் அடியைச் சில நூல் அளவு சீவி எடுத்தால், பெற்றோலும் காற்றும் எரியுமுன் இன்னும் சிறிய இடத்துக்குள் அமுங்கும். அதே பெற்றோலில் கூடுதல் பலம் வரும். காற்று உள்ளே வரும் வழியையும் புகை வெளியே போகும் வழியையும் கையால் அராவி மழமழப்பாக்குவார்கள். காம் ஷாஃப்ற்றின் மேடுகளில் வெல்டிங் வைத்து உலோகம் ஏற்றி, வேறு வடிவத்தில் தேய்த்து எடுத்தால் வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும். வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்குவது, ஃபிளைவீலைக் கடைசலில் போட்டு எடை குறைப்பது, காபரேற்றர் ஜெற்றின் துளையைப் பெரிதாக்குவது, பிஸ்டன்களையும் கனெக்றிங் றொட்களையும் தராசில் நிறுத்து ஒன்றுக்கொன்று கிராம் பிசகாமல் அராவுவது என்று வேலை நீளும்.

இந்தக் கடைசி வேலையைப் பலர் அற்பமாக நினைப்பதுண்டு. எம்மைக் கேட்டால் அதுதான் முதல் வேலை. எடை ஒத்துப்போகாத எஞ்சினுக்கு எவ்வளவு பலம் ஏற்றினாலும், சுற்று ஏற ஏறத் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும். அன்று இந்தியாவில் கிடைத்த பெற்றோலின் ஒக்டேன் அளவும் குறைவு. ஹெட்டை அளவுக்கு மிஞ்சிச் சீவினால், பொறி விழுமுன்னே பெற்றோல் பற்றிக்கொண்டு பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

இது புரியாதவர்கள் யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்த்தால் போதும். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோலும் இல்லை, ஸ்பெயார் பார்ட்ஸும் இல்லை. எங்கள் மெக்கானிக்மார் கேம்பிறிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால் முதலில் துளித்துளியாகப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். வீதியெல்லாம் வெள்ளைப் புகை. பழைய கார்கள் இதைத் தாங்கின. ஜப்பான் கார்கள் தாங்கவில்லை. பழையவற்றில் அமுக்கம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். சோழவரத்துக்காரர்கள் அமுக்கத்தைக் கூட்டப் பாடுபட்டார்கள், நாங்கள் அமுக்கம் குறைந்த காரைத் தேடித் திரிந்தோம். இரண்டு பக்கமும் சாமான் இல்லாமல், இருந்த இரும்பைக் கொண்டு செய்த வேலைகள்தாம்.

கரிவரதன் சோழவரத்தில் ஓட்டினார், கார்களைக் கட்டினார், பிறருக்காகவும் கட்டினார். ஓட்டுநராக மட்டும் நின்றிருந்தால் பழைய பந்தயக்காரர் பட்டியலில் ஒரு பெயராகப் போயிருப்பார். நியூசிலாந்தில் பேர்ட் மன்றோ என்றொருவர் இருந்தார். 1920இல் வாங்கிய ஓர் இந்தியன் மோட்டார் சைக்கிளைத் தன் கொட்டிலில் வைத்துக்கொண்டு, பிஸ்டன்களைப் பழைய தகரப் பேணிகளில் வார்த்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மாற்றி மாற்றிக் கட்டினார். 1967இல் அமெரிக்காவின் பொன்வில் உப்பு வெளியில் மணிக்கு 295 கிலோமீற்றர் வேகம் கண்டார். அற்புதமான சாதனை. ஆனால் அந்த வண்டியில் ஓடக்கூடியவர் ஒருவர்தான். கரிவரதன் போன வழி வேறு.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சுசூகியின் 796 சிசி எஞ்சின், மூன்று சிலிண்டர், நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான குதிரைவலு. பந்தயக்காரர் கண்ணுக்கு இது கேலிப்பொருள். காரின் எடையே ஏறத்தாழ 650 கிலோதான். ஆனால் சில ஆண்டுகளில் நாட்டின் எந்த ஊரிலும் இந்த எஞ்சினுக்குச் சாமான் கிடைக்கும், திறந்து பூட்டத் தெரிந்தவரும் கிடைப்பார் என்ற நிலை வந்துவிட்டது.

கரிவரதன் பிடித்துக்கொண்டது இதைத்தான் என்று நாம் நினைக்கிறோம். கிடைக்காத சாமானைத் தேடி அலைவதற்குப் பதில், எங்கும் கிடைக்கும் எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றி ஒரு காரைக் கட்டுவது. எஞ்சினின் பலத்தைக் கூட்ட முடியாவிட்டால் அது இழுக்க வேண்டிய பாரத்தைக் குறைக்கலாம். கூரை வேண்டாம், கதவு வேண்டாம், பின் இருக்கை வேண்டாம். குழாய்ச் சட்டகம், ஓர் இருக்கை, நான்கு திறந்த சில்லு. எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். முன்சில்லை இழுக்கும் காரில் எஞ்சினும் கியர்பொக்ஸும் சில்லை இழுக்கும் தண்டுகளும் ஒரே பொட்டலமாக இருப்பதால், அதை அப்படியே தூக்கிப் பின்னால் வைத்தால் பின்சில்லை இழுக்கும் பந்தயக் கார் ஆகிவிடும். நடுவில் நீண்ட தண்டும் வேண்டாம், தனி டிஃபெரென்ஷியலும் வேண்டாம். வெளிநாடுகளிலும் சிறு பந்தயக் கார் செய்பவர்கள் கையாண்ட உபாயம் இது. ஆனால் இந்தியாவில் பொருத்தமான எஞ்சின் கிடைத்ததும் அதை உடனே கண்டுகொண்டவர் கரி.

1988இல் அந்தக் கார் ஒரு பந்தய வகுப்பாகவே அறிமுகமானது. ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீற்றர் மாருதி எஞ்சின் என்ற நீண்ட பெயரைச் சுருக்கி ஃபிஸ்மே என்றார்கள். சாதாரண வழக்கில் ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே மாதிரிக் கார். தகப்பன் வெளிநாட்டிலிருந்து எதை இறக்கிக் கொடுத்தார் என்பதற்கு அங்கே வேலையில்லை. மூலையில் யார் பிந்திப் பிரேக் பிடிக்கிறார், யார் வேகத்தைச் சிதறவிடாமல் வளைவால் வெளியே வருகிறார் என்பதுதான் கணக்கு. பலம் குறைந்த எஞ்சின் என்பதால் ஒரு வளைவில் இழந்த வேகத்தை அடுத்த நேர்ப்பாதையில் மீட்க முடியாது. அதனால் இந்தக் கார் நல்ல வாத்தியார்.

காலமும் ஒத்துழைத்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் திறந்தார்கள். அங்கே ஃபார்முலா மாருதியில் தன் முதல் பந்தயத்தை ஓடி, முதலிலேயே மேடை ஏறிய கோயம்புத்தூர்ப் பையன் நாராயண் கார்த்திகேயன். 1992இல் பிரான்ஸின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போனார். 2005இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா வன் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்த ஆண்டு இண்டியனாபொலிஸில் நான்காவதாக வந்தபோது இங்கே எங்கள் வீடுகளிலும் தொலைக்காட்சிக்கு முன்னால் கூட்டம்தான். அன்று கார்கள் பெரும்பாலும் விலகிக்கொண்டு ஆறே கார்கள் ஓடின என்பதைச் சொல்லாமல் விட்டால் கணக்குப் பிழைத்துவிடும். ஆனாலும் அவர் அங்கே நின்றார். 796 சிசியிலிருந்து போய் நின்றார்.

கரிவரதனைப் புகழ்பவர்கள் அவரை இந்திய மோட்டார் பந்தயத்தின் தந்தை என்கிறார்கள். எமக்கு இதில் ஒரு குறை உண்டு. சட்டகத்தை ஒட்டிய வெல்டர், ஹெட்டைச் சீவிய கடைசல்காரர், அளவு பார்த்த பிற்றர் இவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. மில் குடும்பத்துப் பெயர் தடத்துக்கு வைக்கப்பட்டது, பட்டறைக்காரர் பெயர் பட்டறையோடு போயிற்று. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒரே எஞ்சின் என்றாலும் ரயர், பெற்றோல், பயணம் எல்லாம் காசுதான். மலிவான பந்தயம் என்பது பந்தயக்காரர்களுக்குள் மலிவு. கூலிவேலை செய்பவரின் மகனுக்கு அது அன்றும் எட்டவில்லை.

அப்படியிருந்தும் அவர் செய்ததன் பெறுமதி ரொறன்ரோவிலிருந்து பார்க்கும்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது. இங்கே சாமானுக்குப் பஞ்சமில்லை, ஓடத்தான் இடமில்லை. பலம் ஏற்றிய கார் நள்ளிரவில் 401 நெடுஞ்சாலைக்குப் போகிறது. ஒன்ராறியோவில் வேக எல்லைக்கு மேல் 50 கிலோமீற்றர் போனால், எல்லை 80க்குக் குறைந்த வீதியென்றால் 40 போனாலே, அது சாகசச் செலுத்துகை. அந்த இடத்திலேயே லைசென்ஸ் 30 நாளும் கார் 14 நாளும் பறிபோகும். காருக்கு என்ன மாற்றினோம் என்பதைக் காப்புறுதிக்குச் சொல்லாமல் விட்டால் விபத்தன்று வேறு சிக்கல். பிள்ளையிடம் சாவியை வாங்கி வைக்கிற பெற்றோரை நாம் அறிவோம். வேகத்தில் ஆசைப்பட்ட பையனைத் தெருவிலிருந்து எடுத்து, சின்ன எஞ்சினோடு, தலைக்கவசத்தோடு, எதிரே வாகனம் வராத தடத்தில் விட்டவர் கரிவரதன்.

1995 ஆகஸ்ட் 24 அன்று வான்விபத்தொன்றில் அவர் இறந்தார். வயது 41. நாராயண் ஃபார்முலா வன்னில் ஏறியதைப் பார்க்க அவர் இல்லை. சில ஆண்டுகள் கழித்து, கோயம்புத்தூருக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் அமைந்த பந்தயத் தடத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள். இரண்டு கிலோமீற்றரைச் சற்றே தாண்டும் நீளம். அங்கே ஓடுகிற எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களில் இருப்பது சுசூகியின் 1300 சிசி எஞ்சின். அதுவும் தெருவில் ஓடும் குடும்பக் காருக்காகச் செய்ததுதான். சாமான் இன்றைக்கும் உள்ளூர்க் கடையில் கிடைக்கும்.