சிந்தாமணிக்கு வழி திறந்த பதவி

உயர்ந்த பதவியொன்று தேடி வருங்கால், ஏற்பதா மறுப்பதா என்னும் கலக்கம் எவருக்கும் உண்டாவதே. நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் தோன்றிய 1956 தொட்டு, காடாம்புலியூர்ப் பக்கத்துக் குடும்பங்களும் இதனை நன்கு அறியும். அத்தகைய கலக்கமொன்று, நம் சீவக சிந்தாமணி அச்சேறுவதற்கு முன்படியாய் அமைந்த வரலாற்றை ஈண்டு நினைவு கூர்வோம்.

உ. வே. சாமிநாதையர் 1855இல் பிறந்தவர்; உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங் கேட்டவர். 1876இல் ஆசிரியர் மறைந்த பின்னர், திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்து, மடத்திலேயே கற்கவும் கற்பிக்கவும் வாய்ப்பளித்தார். உண்டிக்கும் உறையுளுக்கும் குறைவில்லை. தம்பிரான்கள் அவரிடம் பாடங் கேட்டு வந்தனர்.

1880இன் தொடக்கத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் உடல்நலக் குறைவால் ஓய்வு பெற நேர்ந்தது. அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. தம் இருக்கை தம் ஆசிரியர் மரபினர்க்கே சேரவேண்டுமென விரும்பி, அவர் மடத்திற்கே வந்துவிட்டார். மாதம் ஐம்பது ரூபாய் ஊதியம். அக்காலத் தமிழ்ப் புலவர்க்கு அது பெரிய மதிப்பு. ஆயினும் தேசிகர் இசையவில்லை. பிள்ளையவர்களை இழந்த மடம் அவர் மாணாக்கரையும் இழப்பதா என்பது அவர் வருத்தம். செட்டியாரோ விட்டுக்கொடுக்கும் இயல்பினர் அல்லர்.

இருவருக்குமிடையே நின்ற இளைஞர் நிலையை எண்ணிப் பார்மின்! வேண்டுமென்றால் நன்றி மறந்தவராவார். வேண்டாமென்றால் செட்டியாரின் அன்பைத் தள்ளியவராவார். அவர் தாமாக முடிவு கூற முந்தவில்லை. இதனைத் துணிவின்மை என்பாரும் உளராகலாம். உண்ட வீட்டின் உடன்பாடின்றிப் புறப்படாமை பண்பாடு என்றே நாம் கொள்கின்றோம். செட்டியாரின் இடையறா வேண்டுகோளால் தேசிகர் மனம் இளகி, விடையளித்ததோடு, நற்சான்றும் வழங்கினார். பிப்ரவரியில் ஐயர் கல்லூரிப் பணியை ஏற்றார். மடத்துறவும் அறவில்லை, ஓய்வு நாட்களில் அங்குச் சென்று வந்தார்.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார்; முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவி, பின்னர்க் கையெழுத்துப் பிரதியும் கொடுத்தார்.

நூலிற் புகுந்தால் சமணக் கோட்பாடுகள் விளங்கவில்லை. எனவே கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் இல்லத்தை நாடினார். வாயிலில் தோரணம், மாக்கோலம்! திருமணமோ என்று எண்ணினார். ஆறு திங்களாகக் கேட்டுவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்திய விழா என்பது தெரிந்தது. தாம் ஏட்டிலே தேடித் திகைத்த நூலை ஓர் இல்லம் விழவெடுத்துக் கேட்டுவந்ததை எண்ணி அவர் உருகினார். அன்று முதல் நம்மவரிடம் ஐயங்கேட்டுத் தெளிந்து வந்தார். அவருடைய ஆர்வத்தையும் விளக்கத்தையும் அறிந்த அம்மையார் ஒருவர், இவர் பவ்ய ஜீவனாதல் வேண்டுமென்று உரைத்தாராம். சமணரல்லாத ஒருவர்க்கு நம் குலமகள் அளித்த அப்பெயரினும் பெரிய பட்டம் யாது?

3145 செய்யுட்களும் நச்சினார்க்கினியர் உரையோடு 1887இல் அச்சேறின. அவருக்கு விடைகொடுத்த தேசிகர் அப்பொழுது உயிரோடிருந்தார்.