எட்டு எழுத்து... இருநூறு ரூபாய்!

குட்டீஸ்... ஒரு பேனா வாங்கினால் விலை கொடுக்கிறோம். ஒரு பந்து வாங்கினால் விலை கொடுக்கிறோம். ஒரு பெயரை விலை கொடுத்து வாங்க முடியுமா? முடியும்! எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்குப் போட்டு ஒரு பெயரை வாங்கினார் ஓர் இளைஞர். அவர் யார் என்று பார்ப்போமா?

காவிரி கடலைத் தொடுவதற்கு முன் கடைசியாகத் தண்ணீர் பாயும் பகுதியைக் கடைமடை என்பார்கள். அந்தக் கடைமடையில் இருக்கும் நெல் வயல் ஊர்களில் ஒன்று திருத்துறைப்பூண்டி. இப்போது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. அப்போது தஞ்சாவூர் ஜில்லா. அங்கே பிறந்தவர் சீனிவாசன். பின்னாளில் எஸ்.எஸ்.வாசன் என்று நாடே அறிந்த பெயர் அது.

சிறு வயதிலேயே தந்தையை இழந்தார் வாசன். தாயார் வாலாம்பாள் மகனைச் சென்னைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், படிப்பை முடிக்க முடியவில்லை. தந்தை விட்டுச் சென்ற தொழில் என்று எதுவும் இல்லை. தபால் மூலம் பொருள்களை விற்றார். பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேர்த்துக் கொடுத்தார். எந்தப் பொருளைப் பற்றி எப்படிச் சொன்னால் மக்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதை அப்போதே கற்றுக் கொண்டார்.

அவர் விளம்பரம் கொடுத்து வந்த பத்திரிகைகளில் ஒன்று, 1926ல் பூதூர் வைத்தியநாதய்யர் தொடங்கிய ஆனந்த விகடன். திடீரென்று அது நின்று போனது. வாசன் நேரே ஆசிரியரிடம் போனார். பத்திரிகையை நானே வாங்கிக் கொள்கிறேன் என்றார். பெயரில் எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணுங்கள்... ஆ-ன-ந்-த-வி-க-ட-ன். எட்டு! எட்டு எழுத்துக்கு 200 ரூபாய். 1928ல் பத்திரிகை கை மாறியது. அப்போது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை.

நின்று போன பத்திரிகையை யார் வாங்கிப் படிப்பார்கள்? இங்கேதான் வாசனின் கெட்டிக்காரத்தனம். திறமைசாலிகளைத் தேடிப் பிடித்தார். மயிலாடுதுறை பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி வந்தார். திருவிடைமருதூர் தேவன் வந்தார். தஞ்சாவூரில் பிறந்த ஓவியர் கோபுலுவும் பிறகு வந்தார். எல்லாரும் காவிரிக்கரைக்காரர்கள்!

சினிமாவையும் பத்திரிகையையும் கை கோக்க வைத்தார் வாசன். 1939ல் கல்கியின் தியாகபூமி தொடர்கதை, அதே பெயரில் எடுக்கப்பட்ட படத்தின் புகைப்படங்களோடு விகடனில் வந்தது. படம் பார்த்தவர்கள் கதையைத் தேடினார்கள். கதை படித்தவர்கள் தியேட்டருக்கு ஓடினார்கள். அந்தப் படத்தின் இயக்குனர் கே.சுப்ரமணியமும் பாபநாசத்துக்காரர்தான்.

அதே சுப்ரமணியத்தின் ஸ்டூடியோ ஒரு தீ விபத்தில் சேதமானது. அது ஏலத்துக்கு வந்தபோது வாசன் எடுத்தார். ஊதுகுழல் ஊதும் இரட்டைக் குழந்தைகள் சின்னத்தோடு ஜெமினி ஸ்டூடியோ பிறந்தது. 1948ல் சந்திரலேகா வெளியானது. ராட்சத முரசுகள் மேல் நடனம், சர்க்கஸ், யானைகள்... செலவு ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய்! அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. படத்தை இந்தியிலும் எடுத்து, நாடு முழுக்க விளம்பரம் செய்து ஜெயித்தார் வாசன்.

பெரிய நட்சத்திரங்களோடு அவருக்கு இருந்த தொடர்பைக் கேளுங்கள்... எம்.ஜி.ஆர்., நடித்த முதல் படமான சதிலீலாவதி, 1936ல் வாசன் எழுதிய கதையில் இருந்து உருவானது. எம்.ஜி.ஆரின் நூறாவது படமான ஒளிவிளக்கை 1968ல் தயாரித்ததும் ஜெமினிதான். அந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்த கணேசன் என்ற இளைஞர், பிறகு பெரிய நடிகரானார். ஸ்டூடியோவின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக் கொண்டது... ஜெமினி கணேசன்!

ஆனால், பிரபலங்கள் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க மாட்டார்கள், குட்டீஸ். 1940களின் தொடக்கத்தில் கல்கி விலகினார். 1941ல் தனிப் பத்திரிகை தொடங்கினார். விகடன் அவ்வளவுதான் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். தேவன் பொறுப்பை ஏற்றார். வாசகர்கள் விட்டுப் போகவில்லை.

எழுத்தாளர்களை வாசன் எப்படி மதித்தார் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்வார்கள். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தில்லானா மோகனாம்பாள் கதையைப் படமாக்க, இயக்குனர் ஏ.பி.நாகராஜன் வாசனிடம் பணம் கொடுத்து உரிமை வாங்கினார். எழுதியவருக்கும் ஏதாவது தர வேண்டுமே என்று சுப்புவைத் தேடிப் போனாராம். அந்தப் பணத்தை வாசன் முன்பே தன்னிடம் கொடுத்து விட்டதாகச் சொன்னாராம் சுப்பு!

வாசனுக்கு ஒரே மகன், பெயர் பாலசுப்ரமணியன். தந்தை இருக்கும்போதே பத்திரிகை, ஸ்டூடியோ இரண்டிலும் வேலை பழகினார். 1966ல் சிவாஜி கணேசன் நடித்த மோட்டார் சுந்தரம் பிள்ளை படத்தை இயக்கினார். 1969ல் வாசன் மறைந்ததும், எல்லாப் பொறுப்பும் மகன் தோளில் விழுந்தது.

இப்படி ஒரு பெயர் அப்பாவிடம் இருந்து பிள்ளைக்குப் போகும் கதை பாரீஸ் நகரத்திலும் உண்டு. பயணப் பெட்டி செய்து விற்ற லூயி வியித்தோன் 1892ல் இறந்தார். அவர் மகன் ஜார்ஜ், 1896ல் அப்பா பெயரின் முதல் எழுத்துகளைக் கோத்து ஒரு சின்னம் வரைந்தார். அந்த எழுத்து பொறித்த கைப்பைகள் இன்று லட்சக்கணக்கில் விலை போகின்றன. 2022ல் நம் நடிகை தீபிகா படுகோனை விளம்பரத் தூதராக்கியது அந்த நிறுவனம். அதை இப்போது வைத்திருக்கும் எல்.வி.எம்.எச்., குழுமத்தின் தலைவர் பெர்னார்ட் ஆர்னோ, தன் ஐந்து பிள்ளைகளையும் பொறுப்புகளில் அமர்த்தித் தொழில் பழக்கியிருக்கிறார். பெயரைக் காப்பாற்றுவது அவ்வளவு பெரிய வேலை!

பாலசுப்ரமணியன் என்ன செய்தார்? 1970களில் சினிமாத் தொழிலே மாறியது. பெரிய ஸ்டூடியோ கட்டி, ஆட்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துப் படம் எடுக்கும் காலம் முடிந்தது. ஜெமினியின் வெளிச்சம் மெல்ல அணைந்தது. பாலசுப்ரமணியன் பத்திரிகையை இறுகப் பிடித்துக் கொண்டார். 1983ல் ஜூனியர் விகடனைத் தொடங்கினார். கல்லூரி மாணவர்களுக்குப் பத்திரிகைப் பயிற்சி கொடுத்தார். 2014ல் அவர் மறைந்தார். மூன்றாம் தலைமுறையாக அவர் மகன் பா.சீனிவாசன் பொறுப்புக்கு வந்தார். தாத்தாவின் பெயரேதான்!

நம் டெல்டா விவசாயிகள், எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதை நெல்லில் கை வைக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு விளைச்சல் அதில்தானே இருக்கிறது? 30 லட்சத்தில் படம் எடுத்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று நட்சத்திர ஓட்டல் நிற்கிறது. பக்கத்தில் இருக்கும் அண்ணா மேம்பாலத்தை ஜனங்கள் ஜெமினி பாலம் என்று சொல்வதுதான் மிச்சம். 200 ரூபாய்க்கு வாங்கிய எட்டு எழுத்து மட்டும் மூன்று தலைமுறையாக விளைந்து கொண்டிருக்கிறது. குடும்பத்தின் விதை நெல் எது என்று மகனுக்குத் தெரிந்திருந்தது!

2004ல் வாசன் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது இந்திய அரசு.

குட்டீஸ்... இன்றைக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நம் வீட்டு விதை நெல் எது? நிலமா, ஒரு கைத்தொழிலா, ஒரு நல்ல பழக்கமா? பதிலைக் கேட்டு பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள். நாளைக்கு அது உங்கள் கைக்குத்தானே வரப் போகிறது!