வில்லார்ட் லிபி: காலத்தை அளந்தவர், அணுகுண்டுக்கு வாதாடியவர்

மியன்மாரின் யாங்கோன் நகருக்குத் தெற்கே, ஐராவதி நதி சுமந்துவரும் வண்டல் அந்தமான் கடலின் அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து வருகிறது. அக்கடலடியில் குழாய் செலுத்தி எடுக்கப்பட்ட வண்டல் தூண் ஒன்றைக் கொண்டு, பருவமழையின் 25 ஆயிரம் ஆண்டுகால ஏற்ற இறக்கங்களை விவரிக்கும் ஆய்வு 2007ஆம் ஆண்டு வெளியானது. சேற்றில் புதைந்திருந்த ஃபோரமினிஃபெரா எனும் ஒருசெல் உயிரிகளின் மணலளவு ஓடுகளே அதற்கான காலக்கணக்கைத் தந்தன. கீழடி அகழாய்வில் கிடைத்த கரியின் காலத்தைச் சொன்னதும் இதே ரேடியோகார்பன் முறைதான்.

இம்முறையை உருவாக்கிய வில்லார்ட் லிபி, 1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, அணுகுண்டுக்காக யுரேனியத்தைச் செறிவூட்டும் பணியில் ஈடுபட்டார். போர் முடிந்ததும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

விண்வெளிக் கதிர்களால் வளிமண்டலத்தில் கார்பன்-14 உருவாகிறது. உயிர்கள் அதை உட்கொள்கின்றன. இறந்தபின் அது சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சியிருப்பதை அளந்தால் வயது தெரிந்துவிடும். வயது ஏற்கெனவே அறியப்பட்ட பண்டைய எகிப்திய மரத்துண்டுகள் போன்றவற்றில் இதைச் சோதித்து, ஜேம்ஸ் ஆர்னால்டுடன் இணைந்து 1949ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார். 1960ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

கடல் ஓடுகளில் ஒரு சிக்கல் உண்டு. ஆழ்கடலின் பழைய கார்பன் மேல்நீரிலும் கலப்பதால், அண்மையில் இறந்த உயிரியின் ஓடுகூட சராசரியாக 400 ஆண்டுகள் பழையதாகத் தோன்றும். அதைக் கழித்தே கணக்கிட வேண்டும். மேலும், லிபியின் கருவிகளுக்குக் கிராம் கணக்கில் கார்பன் தேவைப்பட்டது. அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கிக் கருவிகள் 1977ஆம் ஆண்டுக்குப் பின் வந்தபோதுதான், சில மில்லிகிராம் ஓடுகளே போதுமானவையாயின.

ஆனால் லிபியின் வாழ்க்கைக்கு மற்றொரு பக்கமும் இருந்தது. 1954 முதல் 1959 வரை அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் உறுப்பினராக இருந்த அவர், அணுகுண்டுச் சோதனைகளின் கதிர்வீச்சு ஆபத்து மிகச் சிறியது என்று வாதிட்டார். கதிரியக்கத் தூசு மனித எலும்புகளில் எவ்வளவு சேர்கிறது என்பதை அறிய நடந்த ஆய்வுத் திட்டத்தில் முக்கியப் பங்கு வகித்தார். அதற்காகக் குழந்தைகளின் சடலங்களிலிருந்தும் பெற்றோருக்குத் தெரியாமல் மாதிரிகள் எடுக்கப்பட்டது 1990களில் அம்பலமானது.

மற்றொரு வேதியியலாளரான லைனஸ் பாலிங் அவரை எதிர்த்தார். குண்டுகளால் பெருகும் கார்பன்-14 தலைமுறைகளைப் பாதிக்கும் என்று எச்சரித்த பாலிங், 1958ஆம் ஆண்டு 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட மனுவை ஐ.நா.விடம் அளித்தார். 1960களின் முற்பகுதியில் வட அரைக்கோள வளிமண்டலத்தில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது. லிபியின் கடிகாரத்தையே குண்டுகள் குழப்பின. ரேடியோகார்பன் கணக்கில் நிகழ்காலம் என்பது இன்றும் 1950ஆம் ஆண்டையே குறிக்கிறது.

வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 1963ஆம் ஆண்டு மாஸ்கோவில் கையெழுத்தானபோது, ஐராவதிப் படுகையில் பிறந்த ஐ.நா. பொதுச்செயலர் ஊ தாண்ட் அங்கிருந்தார். அவர் யாங்கோனில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். லிபி 1980ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். அவர் தந்த முறையால் பருவமழையின் கடந்தகாலம் தெரியவருகிறது. அவர் ஆதரித்த சோதனைகளின் கார்பனோ, கடலிலும் உயிர்களிலும் இன்னும் கலந்தே இருக்கிறது.