வில்வண்டியும் தரிசு வயலும்: அய்யன்காளியின் கலகம்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடிமைமுறை 1855ஆம் ஆண்டிலேயே அரச ஆணையால் ஒழிக்கப்பட்டுவிட்டது. அதற்கு எட்டாண்டுகள் கழித்து, 1863 ஆகஸ்ட் 28 அன்று, திருவனந்தபுரத்திற்குத் தெற்கேயுள்ள வெங்ஙானூரில் ஒரு புலையர் குடும்பத்தில் அய்யன்காளி பிறந்தார். ஆணை ஏட்டில் இருந்தது. வயலில் எதுவும் மாறியிருக்கவில்லை. பொதுவழியில் நடக்கவும், மார்பை மறைத்து உடுத்தவும், பள்ளிக்குள் கால் வைக்கவும் புலையருக்குத் தடை நீடித்தது. சட்டம் கொடுத்ததை வழக்கம் பறித்துக்கொண்ட அந்த இடைவெளியே அவருடைய போராட்டக் களமாயிற்று.

வில்வண்டியில் பயணிப்பது ஆதிக்கச் சாதியினருக்கு மட்டுமே உரிய பெருமையாகக் கருதப்பட்ட காலம் அது. 1893இல் அய்யன்காளி ஒரு வில்வண்டியையும் இரு காளைகளையும் வாங்கினார். காளைகளின் கழுத்தில் மணி கட்டி, தலைப்பாகையும் வெள்ளை வேட்டியுமாகப் பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். தடுக்க வந்தவர்களை அஞ்சாமல் எதிர்கொண்டார். தனக்கு உரியதென அவர் அறிந்திருந்த வழியில் எவரிடமும் அனுமதி கேளாமல் சென்றதே அந்தப் பயணத்தின் பொருள்.

எனினும், ஒரு மனிதரின் துணிவு ஒரு சமூகத்தின் விடுதலையாகிவிடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க அரசு ஆணையிட்டபோதும், கீழ்நிலை அதிகாரிகளும் பள்ளி நிர்வாகிகளும் அதை மதிக்கவில்லை. பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் அழைத்துச் சென்றபோது, அந்தச் சிறுமி அமர்ந்த பள்ளியையே தீயிட்டு அழித்தனர்.

தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்டோரின் உழைப்பு மட்டும் எவருக்கும் தீட்டாக இருக்கவில்லை. ஆதிக்கத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது என்பதை அய்யன்காளி கண்டுகொண்டார். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையெனில் உங்கள் வயல்களில் எங்கள் கைகள் இறங்கா என்பதே வேலைநிறுத்தத்தின் சாரம். நெல் விளைந்த நிலங்களில் களை மண்டியது. தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியைத் தாங்கின. அருகிலிருந்த மீனவர்கள் அவர்களுக்குத் துணைநின்றனர். இறுதியில் நில உடைமையாளர்கள் இறங்கிவந்தனர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் தம் பிள்ளைகளின் எழுத்துக்காகப் பசித்திருந்த போராட்டம் அது. அதை வழிநடத்தியவரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்.

1911இல் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். அந்த அவையிலும் நிலத்தையும் கல்வியையும் பற்றியே வலியுறுத்தினார். 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் சாதி அடையாளமான கல்மாலையை அணிய மறுத்த பெண்கள் தாக்கப்பட்டனர், குடிசைகள் எரிந்தன. அதன்பின் கொல்லத்தில் கூடிய கூட்டத்தில், அவரது அழைப்பை ஏற்றுப் பெண்கள் தம் கழுத்திலிருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். இழிவைச் சுமந்த உடல்களே அதை உதறின.

1936இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. அடுத்த ஆண்டு காந்தி வெங்ஙானூர் வந்தபோது அய்யன்காளி வெளியிட்ட விருப்பம் கோயிலைப் பற்றியதன்று. தம் கண் மூடுமுன் தம் சமூகத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் காண வேண்டும் என்பதே. 1941 ஜூன் 18 அன்று அவர் மறைந்தார்.

அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆயினும் ஏட்டுக்கும் தெருவுக்கும் இடையிலான தொலைவு இன்னும் மறையவில்லை. கலகம் என்பது சட்டத்தை மீறுவது மட்டுமே என எண்ணுவோர் அய்யன்காளியின் வாழ்வைப் படிக்க வேண்டும். எழுதப்பட்ட உரிமையை நடைமுறையாக்கக் கோருவதும் கலகமே. ஆதிக்கம் எதை நம்பி வாழ்கிறதோ, அதைத் தர மறுக்கும் அமைப்பாய்த் திரள்வதே அதன் வலிமை.